சனிக்கிழமை வரைக்கும்

"டை நீலமா, கறுப்பா?" மூன்றாவது முறையாகக் கேட்டார் புகைப்படக்காரர்.

மோரானுக்குக் கேள்வி புரியாமல் இல்லை. பதில்தான் தொண்டையைத் தாண்டி வரவில்லை. கணினித் திரையில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். ஏப்ரலில் ஆற்றங்கரைப் பூங்காவில் அவள் எடுத்த படம். கழுத்துக்கு மேலே எல்லாம் அப்பாதான், அந்த மீன்பிடித் தொப்பி உட்பட. கழுத்துக்குக் கீழே, கசங்கிய பனியன் இருந்த இடத்தில் யாருடையதோ ஒரு கறுப்புக் கோட்டு வந்து உட்கார்ந்திருந்தது. பின்னால் இருந்த ஆரஞ்சு நிறக் கூடாரத்துணி போய், சாம்பல் நிறச் சுவர் வந்திருந்தது.

"நீலம் போடுங்க," என்றாள் கும்ஜா அத்தை. அப்பாவின் தங்கை. "எங்கண்ணன் இருந்தவரைக்கும் ஒரு கோட்டு போட்டதில்லை. போகும்போதாவது போட்டுக்கிட்டுப் போகட்டும்."

"தொப்பியை எடுத்துடலாம். ஆனா உள்ள முடி எப்படி இருக்கும்னு தெரியணும்."

"முடி ஏது? மருந்து ஏத்தி ஏத்தி எல்லாத்தையும் கொட்ட வெச்சுட்டாங்க. உங்ககிட்ட நல்லதா ஒண்ணு இருந்தா எடுத்து வெச்சு விடுங்க."

அவரிடம் இருந்தது. இடது வகிடு எடுத்து, படிய வாரிய முடி. அதை அப்பாவின் தலையில் பொருத்தினார். தொப்பியை விட்டுவிடுங்கள் என்று மோரான் சொல்ல நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அப்பா இறந்திருந்தார். அதே மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்தான் இறுதிச்சடங்கு மண்டபம். மதியத்துக்குள் வெள்ளைச் சாமந்திப்பூ அடுக்கு வந்துவிட்டது, அதன் நடுவே அந்தப் படமும் ஏறிவிட்டது. வாடகைக்கு வந்த கறுப்பு உடையை உடுத்தி, தலையில் வெள்ளை ரிப்பன் ஊசியைக் குத்திக்கொண்டு, மோரான் ஊதுவத்திச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். ஆண்பிள்ளை இல்லாத வீடு. வருகிறவர்கள் படத்துக்கு வணங்கியபின் திரும்பி அவளைத்தான் வணங்குவார்கள். அவளும் பதிலுக்கு வணங்கி, வந்ததற்கு நன்றி என்று சொல்ல வேண்டும். வணக்கம் வந்தது. நன்றி உதட்டசைவாக மட்டும் வந்தது. அப்பாவோடு பேருந்து ஓட்டியவர்கள் அதுவே போதும் என்பதுபோல் தலையசைத்துவிட்டு, துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பரிமாறும் காரச் சூப் குடிக்க உள்ளே போனார்கள்.

நின்ற இடத்திலிருந்து அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் கனவு.

வியாழக்கிழமை காலையில் அவர் கண் விழித்ததுமே சொன்னார். "மோரான், ஒரு கனவு வந்துச்சு. சின்னக் கனவு இல்ல. பெருசு."

"என்ன கனவு?"

"சொல்லுவேனா? வாயைத் திறந்தா பலன் போயிடும். சனிக்கிழமை லாட்டரிக் குலுக்கல் முடியட்டும். முதல்ல உனக்குத்தான் சொல்வேன். டென்ட்டுக்குள்ள உக்காந்து சொல்றேன்."

கூடாரத்துக்கு அவரால் போக முடியாது என்று இருவருக்கும் தெரியும். "சரிப்பா," என்றாள்.

அன்று மாலை மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போய்த் திரும்பினாள். அப்போது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு சரியாக விழிக்கவே இல்லை.

அப்பாவின் பெயர் ஓம் சுன்தேக். சியோலில் மேட்டுத்தெருக் குடியிருப்புகளுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே ஏறி இறங்குகிற பச்சை நிறக் குட்டிப் பேருந்தின் ஓட்டுநர். வாரம் முழுக்க அதே மேடு, அதே பள்ளம். சனிக்கிழமை மட்டும் ஒரு லாட்டரிச் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஆரஞ்சு நிறக் கூடாரத்தைத் தோளில் மாட்டி, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஹான் ஆற்றங்கரைப் பூங்காவுக்குப் போவார். காலை ஒன்பது மணிக்கு முன்னால் கூடாரம் போடக் கூடாது என்பது பூங்கா விதி. அதனால் எட்டரைக்கே போய், தனக்குப் பிடித்த மரத்தடியில் கூடாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"குலுக்கல் ராத்திரி எட்டரை மணிக்கு மேலதான். இப்போ மணி எட்டரை. ஒரு பகல் முழுக்க நாம கோடீஸ்வரங்க," என்பார். "இல்லைன்னு யாராலயும் நிரூபிக்க முடியாது."

அப்புறம் விளையாட்டுத் தொடங்கும். லாட்டரி விழுந்தால் யார் என்ன வாங்குவது. அதில் ஒரே ஒரு விதி. தேவையான எதற்கும் செலவு செய்யக் கூடாது. அம்மா ஒவ்வொரு வாரமும் அந்த விதியில் மாட்டிக்கொள்வாள்.

"ஃப்ரிட்ஜ் கதவு மூட மாட்டேங்குதுங்க. ஒரு ஃப்ரிட்ஜ்."

"அவுட்! அது தேவை. ஆசையைச் சொல்லுன்னா தேவையைச் சொல்றா பாரு. எடு ஒரு மீன்கேக்கு."

அம்மாவின் தட்டிலிருந்து, அரைத்த மீனில் செய்த மீன்கேக் துண்டு ஒன்று அபராதமாக அப்பாவின் வாய்க்குப் போகும். அவருடைய ஆசை ஒருநாளும் மாறியதில்லை. நாட்டில் இருக்கும் ஒவ்வொரு பூங்காவிலும் ஒரு சனிக்கிழமை கூடாரம் போட வேண்டும். மலைப் பூங்கா, கடற்கரைப் பூங்கா, தெற்கே தீவுகளில் இருப்பவை. எல்லாம் முடிந்த பிறகு மறுபடி இங்கேயே வந்துவிட வேண்டும், இந்த மரத்தடிக்கு.

"இங்க வர்றதுக்கு எதுக்கு லாட்டரி? பஸ்ஸே வருதே," என்பாள் அம்மா.

"அதான் சொல்றேன். பாதி ஆசை ஏற்கெனவே நிறைவேறிடுச்சு."

மோரான் பள்ளிக்குப் போவதை நிறுத்திய வாரமும் அவர் அவளைப் பூங்காவுக்குத்தான் அழைத்துப் போனார். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் அவள் குரல் நின்றுவிடும். சிரிப்புச் சத்தம் தொடங்கும். அது நாளுக்கு நாள் பெரிதாகி, ஒருநாள் பள்ளி வாசல் வரை போனவள் உள்ளே போக முடியாமல் திரும்பி வந்துவிட்டாள். அம்மா அழுதாள். அத்தை தொலைபேசியில் கத்தினாள். அப்பா மட்டும் ஏன் என்று கேட்கவில்லை. சனிக்கிழமை காலையில் கூடார முளைகள் இருந்த பையை அவள் கையில் கொடுத்து, "பிடி," என்றார்.

அன்றைக்கு அவள் முளை அடித்தாள். பிறகு பூங்காக் கடையிலிருந்து ராம்யன் நூடுல்ஸ் வாங்கி வரும் வேலையையும் அவளிடமே கொடுத்தார். அங்கே அதற்கு ஓர் இயந்திரம் உண்டு. காகிதத்தட்டை வைத்துப் பொத்தானை அழுத்தினால் கொதிக்க வைத்துத் தந்துவிடும். யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. ஆவி பறக்கும் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு புல்வெளியைக் கடந்து வரும்போது, தூரத்தில் கூடாரத்துக்குள்ளிருந்து அப்பா கைதட்டுவார்.

"லாட்டரி விழட்டும்," என்றார் அன்று, நூடுல்ஸை உறிஞ்சியபடி. "முதல் வேலையா அந்த ஸ்கூலை வாங்கி இடிச்சுடறேன். புல்லு வளத்து, டென்ட் போட விட்டுடலாம்."

"அப்போ வாத்தியாருங்க?" என்றாள் அம்மா, இன்னும் வீங்கியிருந்த கண்களோடு.

"புல்லு வெட்டட்டும்."

மோரான் சிரித்துவிட்டாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு. அதோடு அந்தப் பேச்சு வீட்டில் முடிந்துபோயிற்று. அப்பா மறுபடி எடுக்கவும் இல்லை, மற்றவர்களை எடுக்க விடவும் இல்லை.

பூங்காவில் அப்பாவுக்கு ஓர் எதிரி இருந்தார். மேங். மஞ்சள் மேலங்கியும் விசில் ஊதலுமாகச் சுற்றி வரும் காவலர். கூடாரத்தை முழுக்க மூடி வைக்கக் கூடாது, குறைந்தது இரண்டு பக்கமாவது திறந்திருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. காற்று அடித்தால் அப்பா ஒரு பக்கத்தை இழுத்து மூடுவார். உடனே எங்கிருந்தோ குரல் வரும்.

"ரெண்டு பக்கம்! ரெண்டு பக்கமும் திறங்க!"

"காத்து அடிக்குதுய்யா!"

"காத்து உள்ள வந்து வெளிய போகத்தான் ரெண்டு பக்கம் கேக்குறோம்! ஒரு பக்கம் திறந்தா அது எங்க போகும்?"

இப்படியே இரண்டு வருடம் கத்தினார்கள். ஒரு மழை நாளில் ஊதலோடு வந்த மேங்கிடம் அப்பா ஒரு தட்டு நூடுல்ஸை நீட்டினார். மேங் இரண்டு பக்கத்தையும் தானே சுருட்டிக் கட்டிவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். வீட்டில் அவருக்கு யாரும் இல்லை. அதன்பிறகு சனிக்கிழமைகளில் ஐந்து மீன்கேக் அதிகமாக வாங்க வேண்டியிருந்தது. அப்பாவின் லாட்டரி ஆசையிலும் ஒரு வரி சேர்ந்தது. "எந்தப் பூங்காவுக்குப் போனாலும் மேங்கைச் சம்பளத்துக்குக் கூட்டிட்டுப் போவேன். பொழுது சாயறப்போ வந்து, டென்டைத் திறன்னு ஒரு சத்தம் போடணும். அது இல்லாம எனக்குச் சோறு இறங்காது." உடம்பு முடியாமல் போய், கூடாரத்தைத் தூக்கி வர முடியாதபோது, அது மேங்கின் காவல் அறையிலேயே தங்கிவிட்டது.

வெள்ளி மாலை கூட்டம் குறைந்த நேரத்தில், பாத்திரம் துடைத்துக்கொண்டே அம்மா சொன்னாள். "அந்தக் கனவை உங்கப்பா வித்துட்டாரு."

மோரான் நிமிர்ந்தாள்.

"நேத்து மேங் வந்திருந்தாரு. நீ துணி எடுக்கப் போயிருந்தே. என்னை வெளிய அனுப்பிட்டு, திரையை இழுத்து விட்டுக்கிட்டாங்க. உங்கப்பா சிரிக்கிற சத்தம்தான் கேட்டுச்சு. அப்புறம் மேங் பர்ஸைக் கவுத்துக் கொட்டினாரு. எல்லாத்தையும். பஸ் கார்டைக்கூட வெச்சுக்கலை. நடந்தே போனாரு, ஆத்துப் பாலத்து மேல."

"அப்பா என்ன சொன்னாரு?"

அம்மா துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். "பணத்தை எங்கிட்டக் கொடுத்து, ஃப்ரிட்ஜ் கதவுக்கு ரப்பர் மாத்திக்கோன்னாரு."

கனவை விற்பதும் வாங்குவதும் அந்த ஊரில் புதிதல்ல. பன்றி வந்த கனவு, வீடு பற்றி எரிந்த கனவு என்று அக்கம்பக்கத்தில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போய் லாட்டரிச் சீட்டு எடுப்பார்கள். விற்றுவிட்டால் கனவு வாங்கியவருடையது. அதன் பலனும் அவருடையது. மோரானுக்கு அதெல்லாம் தெரியும். ஆனால் முதலில் உனக்குத்தான் என்று அப்பா சொல்லியிருந்தார். அவர் அவளிடம் சொன்ன கடைசி விஷயமே அதுதான். அதை எப்படி இன்னொருவருக்கு விற்றார்? அவள் மறுபடி படத்தின் பக்கத்தில் போய் நின்றாள். நீல டை கட்டிய அந்த மனிதரிடம் கேட்கவும் முடியாது. அவர் அப்பா மாதிரியே இல்லை.

விஷயம் அத்தையின் காதுக்குப் போக ஓர் இரவு போதுமானதாக இருந்தது. சனிக்கிழமை மதியம் உடலைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு எல்லோரும் அழுது ஓய்ந்திருந்த நேரத்தில், அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே பேருந்து ஓட்டுநர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "சாகப்போறவன் கண்ட கனவுங்க அது! சாதாரணக் கனவா இருக்குமா? பர்ஸோட கொடுத்து அந்தக் காவல்காரன் வாங்கியிருக்கான்னா எப்படிப்பட்ட கனவா இருக்கணும்!"

ஓட்டுநர்கள் ஒவ்வொருவராகப் புகைபிடிக்கப் போவதுபோல வெளியே போய், எதிர்க்கடையில் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள். அத்தையும் வாங்கினாள். அந்த வாரத்துச் சீட்டை அப்பா புதன்கிழமையே அம்மாவை அனுப்பி வாங்கியிருந்தார். அதை ஊதுவத்திச் சட்டிக்கு அடியில் வைத்திருந்தாள் அத்தை.

சாயங்காலம் மேங் வந்தார். வேலையிலிருந்து நேராக வந்ததால் அதே மஞ்சள் மேலங்கி. கழுத்தில் ஊதல். வாசலில் செருப்பைக் கழற்றியவர் படத்தைப் பார்த்து அப்படியே நின்றார்.

"யாரு இது?"

படத்துக்கு அருகில் போய்க் குனிந்து பார்த்தார்.

"சுன்தேக் எங்க? இவரு யாரோ பேங்க் மேனேஜர் மாதிரி இருக்காரே. தப்பான அறைக்கு வந்துட்டேனா?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. மேங் ஊதுவத்தி ஏற்றினார். இரண்டு முறை நெற்றி தரையில் பட விழுந்து வணங்கினார். இரண்டாம் முறை எழ நேரமாயிற்று. ஊதல் தரையில் மோதி டிக்கென்று சத்தம் கேட்டது.

அவர் சூப்புக்கு உட்காருவதற்குள் அத்தை எதிரில் போய் உட்கார்ந்துவிட்டாள். "ஐயா, அந்தக் கனவு எங்க குடும்பத்துக் கனவு. கொடுத்ததுக்கு மேல போட்டுத் தர்றேன். எங்களுக்கே திருப்பி வித்துடுங்க."

"விக்கறதுக்கில்லம்மா."

"ரெண்டு மடங்கு."

"இல்லம்மா."

"பேராசை! சாகப்போற மனுசன்கிட்ட வாங்கிட்டுப் போனவர்தானே நீங்க. அவரு கை நடுங்கியிருக்கும், அது கூடத் தெரியலையா உங்களுக்கு?"

மேங் கரண்டியை வைத்தார். "தெரிஞ்சுச்சும்மா," என்றார். பிறகு சூப்பைக் குடித்தார். குடித்து முடித்ததும் செருப்பு அலமாரிப் பக்கம் போய்விட்டார். மூலையில் உட்கார்ந்து, வந்தவர்களின் செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

எட்டரை மணிக்குச் சாப்பாட்டு அறையின் தொலைக்காட்சியைப் போட்டார்கள். கறுப்பு உடை உடுத்தியவர்கள் எல்லோரும் சீட்டைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் பந்துகள் குதித்தன. முதல் பந்து உருண்டு வந்தது. இரண்டாவது வந்தது. "இருக்கு! எனக்கு இருக்கு!" என்றார் ஓர் ஓட்டுநர். மூன்றாவது வந்ததும் அவர் சீட்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். எல்லாம் முடிந்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அத்தை ஊதுவத்திச் சட்டிக்கு அடியிலிருந்த சீட்டை எடுத்து, கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. வழக்கம்போல ஒண்ணுமில்ல." சீட்டைக் கசக்கப் போனவள் கசக்காமல் நின்றாள். "இருபது வருசமா ஒண்ணுமே விழலை இந்த ஆளுக்கு. கேட்டா, அடுத்த சனிக்கிழமைம்பான். அடுத்த சனிக்கிழமைம்பான்…" அவள் குரல் உடைந்தது. இரண்டு நாளாக வேலை ஏவிக்கொண்டே இருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அம்மா போய் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பு அலமாரிப் பக்கம் பார்த்தாள். "உங்களுக்காவது விழுந்துச்சா? சீட்டைக் காட்டுங்க."

"நான் சீட்டு வாங்கலம்மா," என்றார் மேங்.

அறையே திரும்பிப் பார்த்தது. மேங் மேலங்கியைச் சரி செய்துகொண்டு, வெளியே தாழ்வாரத்துக்குப் போனார்.

மோரான் பின்னாலேயே போனாள். காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். அவள் எதிரில் போய் நின்றாள்.

"குலுக்கல் முடிஞ்சிடுச்சு மாமா," என்றாள். "இப்போ சொல்லலாம்."

மேங் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஆமா. சொல்லணும். உனக்குச் சொல்லணும்னுதான் உங்கப்பா கண்டிஷன் போட்டு வித்தாரு. 'கனவு உனக்கு, ஆனா சனிக்கிழமை குலுக்கல் முடிஞ்சதும் என் பொண்ணுகிட்டச் சொல்லிடணும். வாக்குக் கொடுத்திருக்கேன், ஒருவேளை என்னால முடியாமப் போச்சுன்னா'ன்னாரு. நேத்தே வந்திருப்பேன். வந்தா நீ கேப்பே. சொல்ல முடியாது. அதான் இன்னிக்கு வந்தேன்."

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மழை பெய்யுதாம். டென்ட்டுக்குள்ள நீங்க மூணு பேரும். நீ அடுப்புல ராம்யன் கொதிக்க வெச்சுட்டிருக்கே." மேங் தலையை ஆட்டினார். "பூங்காவுல அடுப்பு மூட்டக் கூடாதுன்னு எத்தனை வருசமா சொல்றேன். கனவுலயும் மீறியிருக்காரு பாரு. சரி. எல்லாப் பக்கமும் மூடியிருக்காம். அப்போ வெளிய யாரோ துணியைத் தட்டி, 'ரெண்டு பக்கம் திற'ன்னு சத்தம் போடறாங்க. நான்தான்னு நெனச்சுத் திறந்தாராம். பார்த்தா உங்க பெரியப்பா."

பெரியப்பாவை மோரான் பார்த்ததில்லை. அவள் பிறக்கும் முன்பே போனவர்.

"நனைஞ்சுக்கிட்டே நிக்கறாராம். 'சுன்தேக், கிளம்பு. நல்ல இடமா பாத்து வெச்சிருக்கேன், ஆத்தோரம், மரத்தடி. தொப்பியை மட்டும் எடுத்துக்க'ன்னாராம். உங்கப்பா என்ன சொன்னாருன்னு நினைக்கறே? 'அண்ணே, ராம்யன் கொதிச்சுட்டிருக்கு. என் பொண்ணு வெச்சது. சாப்பிட்டுட்டு வர்றேன்.' உடனே பெரியப்பாவும் ஷூவைக் கழட்டிட்டு உள்ள வந்து உக்காந்துட்டாராம். நாலு பேரா உக்காந்து ஊதி ஊதிச் சாப்பிட்டீங்களாம். அவ்வளவுதான் கனவு."

காப்பி இயந்திரம் உறுமி ஓய்ந்தது.

"சொல்லி முடிச்சுட்டு உங்கப்பா சிரிக்கறாரு. 'செத்துப்போன அண்ணன் வந்திருக்கான்யா. முதல் பரிசுக் கனவு. எவ்வளவு தருவே?'ன்னு. தெரிஞ்சு சிரிச்சாரா, தெரியாம சிரிச்சாரா, எனக்குத் தெரியலை. ஆனா அது லாட்டரிக் கனவு இல்லை பாப்பா. செத்தவங்க வந்து கிளம்புன்னு கூப்பிட்டா அது வேற கனவு. எங்கம்மா போறப்பவும் அப்படித்தான்…" அவர் ஊதலை விரல்களுக்கு நடுவே உருட்டினார். "வாங்கிட்டா அது எனக்கு வந்துடும்ல? வர்றவர் என் வீட்டுக் கதவைத் தட்டட்டும்னு நெனச்சேன். எனக்கு என்ன, நான் தனி ஆளு. எந்த அடுப்புலயும் எனக்காக எதுவும் கொதிக்கலை. அதான் இருந்ததை எல்லாம் கொட்டினேன். பஸ் கார்டையும் போட்டேன்."

ஊதலை மேலங்கிக்குள் போட்டுக்கொண்டார்.

"விலை பத்தலை போலிருக்கு," என்றார்.

மோரான் எழுந்தாள். வாடகை உடையின் கறுப்புப் பாவாடை சிமென்ட் தரையில் விரிய மண்டியிட்டு, கைகளை நெற்றிக்கு முன் சேர்த்து, முழுக்கக் குனிந்து அவரை வணங்கினாள்.

"ஐயோ, எழுந்திரு, எழுந்திரு. தரை அழுக்கு. யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க," என்று மேங் பதறிக்கொண்டு தானும் எழுந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் குனிந்து வணங்கினார்.

"வந்ததுக்கு நன்றி மாமா," என்றாள் மோரான். இரண்டு நாளில் முதல்முறையாக அது சத்தமாக வந்தது.

அவர் போன பிறகு அவள் நேரே மண்டபத்தின் புகைப்பட அறைக்குப் போனாள். புகைப்படக்காரர் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்.

"தொப்பி," என்றாள்.

"என்னம்மா?"

"அப்பா படம். தொப்பியோட இருந்தது. கோட்டு வேண்டாம், முடியும் வேண்டாம். பின்னாடி அந்த ஆரஞ்சும் இருக்கணும். எடுத்தபடியே போட்டுக் கொடுங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். விளக்கை மறுபடி போட்டார்.

ஞாயிறு காலையில் பெட்டியை எடுக்கும் முன் அத்தை புதுப் படத்தைப் பார்த்தாள். மீன்பிடித் தொப்பியும் கசங்கிய பனியனுமாக அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அத்தை பக்கத்தில் போனாள். சட்டத்தில் கட்டியிருந்த கறுப்பு ரிப்பன் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. அதைச் சரி செய்தாள். "நீல டையும் நல்லாத்தான் இருந்துச்சு," என்று மட்டும் சொன்னாள்.

சவப்பேருந்தில் மோரான் முன் இருக்கையில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் அம்மா. எரியூட்டும் இடத்துக்குப் போகும் சாலை ஆற்றை ஒட்டித்தான் போகிறது. வெளிச்சம் அப்போதுதான் தண்ணீர்மேல் பரவத் தொடங்கியிருந்தது. பூங்கா தூரத்தில் தெரிந்ததும் அவள் முன்னால் சாய்ந்தாள்.

"டிரைவர் ஐயா. கொஞ்சம் மெதுவாப் போங்க."

அவளுடைய குரல்தானா என்று அம்மா திரும்பிப் பார்த்தாள். பேருந்து வேகம் குறைந்தது.

புல்வெளி பனியில் நனைந்து வெறுமையாகக் கிடந்தது. ஒன்பது மணிக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. அந்த மரத்தடியில் மட்டும் ஓர் ஆரஞ்சு நிறக் கூடாரம் நின்றது. பக்கத்தில் மஞ்சள் மேலங்கி போட்ட ஒருவர், கைகளை உடம்போடு ஒட்ட வைத்துக்கொண்டு, சாலையைப் பார்த்து நேராக நின்றுகொண்டிருந்தார்.

மோரான் படத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

கூடாரத்தின் இரண்டு பக்கமும் ஒழுங்காகச் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. ஆற்றிலிருந்து வந்த காற்று ஒரு பக்கம் நுழைந்து, துணியைக் கொஞ்சம் உப்ப வைத்து, மறுபக்கம் வெளியே போனது.